மரூன் நிறக் குளிசை

“தங்கச்சி, இது குதிரை மூத்திரத்திலையோ செய்யிறது?”

ஸ்காபரோவில் நான் வேலை செய்த பார்மசியில், 1999ஆம் ஆண்டாக இருக்கவேணும், ஒரு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டா. கையில் பிரெமரின் போத்தல். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவ, முட்டை போட்ட கேக்கைத் தொடவே மாட்டா. பேரப்பிள்ளை எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறது. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஓமக்கா,” என்றேன். அவ கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றா. “கோசலம் எண்டு தெளிக்கிறம், குடிக்கிறம்தானே,” என்று தனக்குத்தானே சொல்லி, போத்தலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிட்டா.

அதே குளிசையை நானும் விழுங்கிக்கொண்டிருந்ததை அவவுக்கு நான் சொல்லவில்லை.

மாதவிடாய் நிற்கிற காலத்து வெக்கைக்கு எடுக்கிற அந்த மருந்தின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். ‘ப்ரெக்னன்ட் மேர்ஸ் யூரின்’, அதாவது சினைக் குதிரையின் சிறுநீர் என்ற ஆங்கிலச் சொற்களில் இருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய பெயர்தான் பிரெமரின். ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அதை எடுத்த பெண்களில் அரைவாசிப் பேருக்காவது இது தெரிந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

கதை குதிரையில் தொடங்கவில்லை, பெண்களில் தொடங்கியது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருந்து ஈஸ்திரோஜன் வகை ஓமோன் ஒன்றை 1929இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜெர்மனியில் பூட்டெனான்டும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். ரொறொன்ரோவில் இன்சுலினைச் சுத்திகரித்துக் கொடுத்த ஜேம்ஸ் கொலிப் அப்போது மொன்றியலுக்கு மாறி, மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவருடைய வேலையில் இருந்து ‘எம்மெனின்’ என்ற மருந்து வந்தது. கர்ப்பிணிகளின் சிறுநீர்தான் அதற்கு மூலப்பொருள். எத்தனை பெண்களிடம் போய் எத்தனை போத்தல் சேர்ப்பது? சினைக் குதிரையின் சிறுநீரில் இந்த ஓமோன் நிறைய இருக்கிறது என்று பேர்ன்ஹார்ட் சொண்டெக் 1930இல் காட்டியது கம்பனிக்காரருக்கு வழி திறந்துவிட்டது. மொன்றியலின் அயர்ஸ்ட் நிறுவனம் 1941இல் கனடாவிலும், 1942இல் அமெரிக்காவிலும் பிரெமரினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிறகு அந்தத் தொழில் மேற்கே, புல்வெளி மாகாணங்களுக்குப் போனது. மனிற்றோபாவின் பிரண்டன் நகரில் ஆலை. சுற்றுவட்டாரத்தில் கோதுமைக்காரர்கள், மாட்டுக்காரர்கள் பலரும் குதிரை வளர்த்தார்கள். குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். குளிர்காலம் முழுக்கக் குதிரைகளைக் கொட்டிலில் வரிசையாகக் கட்டி, பின்புறத்தில் ரப்பர்ப் பையும் குழாயும் தொங்கவிட்டுச் சிறுநீர் பிடிப்பார்கள். வசந்தத்தில் குட்டி ஈனும். குட்டிகளை இலையுதிர் காலத்தில் ஏலம் விடுவார்கள். அவற்றில் ஒரு பங்கு இறைச்சிக்குப் போனது. வின்னிபெக்கில் இருக்கிற என் மகனிடம் போகிற வழியில் அப்படி ஒரு கொட்டிலை நான் வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். என் வீட்டுக் குளியலறை அலுமாரியில் இருந்த மரூன் நிறக் குளிசைக்கும் அந்த நீண்ட தகரக் கூரைக்கும் உள்ள தொடர்பை மனம் இலேசில் ஏற்கவில்லை.

இந்தக் குளிசையை ஒரு காலத்தில் எல்லாப் பெண்களுக்குமான மருந்தாக்கியது நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த ரொபர்ட் வில்சன் என்ற டொக்டர். 1966இல் அவர் எழுதிய ‘ஃபெமினின் ஃபொரெவர்’ என்ற புத்தகம் மாதவிடாய் நிற்பதை ஒரு குறைபாட்டு நோய் என்றது. நீரிழிவுக்கு இன்சுலின் போல இதற்கு ஈஸ்திரோஜன், அதுவும் ஆயுள் முழுக்க. நிறுத்துவது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. புத்தகத்துக்கு மருந்துக் கம்பனி பணம் கொடுத்தது என்று அவருடைய மகன் 2002இல் வெளியே சொன்னார்.

என் அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. வலிகாமத்தில் எங்கள் வீட்டில், அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், நடுச்சாமத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் வார்த்துவிட்டு ஈரத்தோடு வந்து படுப்பா. “என்னம்மா?” என்றால், “வெக்கை பிள்ளை, நீ படு.” அவ்வளவுதான். எத்தனை வருஷம் அப்படிப் போனா என்று நான் கணக்கு வைக்கவில்லை. இந்த வெக்கை சராசரியாக ஏழரை வருஷம் நீள்கிறது என்று 2015இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் பார்த்தபோது அந்த வாளிச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

வில்சனின் கனவுக்கு முதல் அடி 1975இல் விழுந்தது. ஈஸ்திரோஜனை மட்டும் தனியே எடுக்கிற பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று அந்த டிசம்பரில் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. ஐந்து வருஷத்துக்குள் விற்பனை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மருத்துவ உலகம் அதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் இரண்டாவது குளிசை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்திரோஜனோடு புரோஜெஸ்திரோன் வகை மருந்தையும் சேர்த்து எடுத்தால் உட்சுவர் தடிக்காது. அந்த இரண்டாவது குளிசையை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வரும்.

1980களில் சந்தை மீண்டது. எலும்பைக் காக்கும் என்றார்கள், அது உண்மை. இதயத்தையும் காக்கும் என்றார்கள், அதுதான் சிக்கல். ஓமோன் எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பெரிய அவதானிப்பு ஆய்வுகள் காட்டின. ஆனால் ஓமோன் எடுக்கிற பெண்கள் பெரும்பாலும் வசதியான, நடைப்பயிற்சிக்குப் போகிற, டொக்டரை ஒழுங்காகப் பார்க்கிற பெண்கள். 1990களில் எங்கள் கவுண்டரிலும் அது தெரியும். இரண்டு வேலைக்கு ஓடுகிற எங்கள் சனம் இந்தக் குளிசைக்கு வந்தது அபூர்வம். எனக்கே 1998இல், நாற்பத்தொன்பது வயதில், வேலைத்தலத்தில் மூன்றாம் தடவை சட்டை நனைந்த பிறகுதான் டொக்டரிடம் கேட்கத் துணிவு வந்தது. பிரெமரின் 0.625 மில்லிகிராம், கூடவே அந்த இரண்டாவது குளிசை, புரோவெரா 2.5. ஒரு மாதத்தில் நித்திரை திரும்பிவிட்டது. எத்தனை வருஷத்துக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2002 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. பார்மசி திறந்த நேரத்தில் இருந்து தொலைபேசி ஓயவில்லை. அமெரிக்க அரசு நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பரிசோதனையில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பகுதியை, எட்டரை வருஷம் ஓடவேண்டியதை, ஐந்து வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சோதித்தது நான் எடுத்த அதே இரண்டு மருந்து, அதே அளவு. மார்புப் புற்றுநோய் 26 வீதம் கூடியது என்று தொலைக்காட்சி சொன்னது. பத்தாயிரம் பெண்களில் ஒரு வருஷத்துக்கு 30 பேருக்கு வருவது 38 ஆனது, அதாவது எட்டுப் பேர் கூட. மாரடைப்பு ஏழு, பக்கவாதம் எட்டுக் கூடின. இடுப்பெலும்பு முறிவு ஐந்தும் பெருங்குடல் புற்றுநோய் ஆறும் குறைந்தன. எட்டு என்ற எண்ணை நான் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். எல்லாருடைய காதிலும் விழுந்தது 26. சோதனைக்கு எடுத்த பெண்களின் சராசரி வயது 63 என்பதும், எங்களைப் போல் ஐம்பதுகளில் இருந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதும் இன்னும் பிந்தித்தான் பேச்சில் வந்தன.

அன்றைக்கு ஒரே கேள்வி: “நிப்பாட்டட்டோ?” எப்படி நிப்பாட்டுவது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களுக்கும் எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. அறுபது வருஷமாக விற்ற மருந்து. தொடங்குவதற்குக் கையேடு, படம் போட்ட துண்டுப்பிரசுரம், மாதிரிப் பெட்டி எல்லாம் இருந்தன. இறங்குவதற்கு ஒரு தாள்கூட எங்கள் இலாச்சியில் இருக்கவில்லை.

நானும் அன்றிரவே இரண்டு போத்தலையும் மூடி வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வந்தது. கழுத்தில் தொடங்கிக் காது மடல் வரை நெருப்பு. இரவில் ஐந்து தடவை, ஆறு தடவை. மூன்று வாரத்தில், ஐந்தைந்தாகத் தட்டில் குளிசை எண்ணுகிற வேலையில் இரண்டு தடவை பிழைவிட்டேன். பார்மசிஸ்ட் ஒன்றும் சொல்லாமல் தட்டை வாங்கித் தான் எண்ணினார். அந்தப் பரிசோதனையில் இருந்த பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியான ஆய்வில், உண்மையான மருந்தை நிறுத்தியவர்களில் 21 வீதமானவர்களுக்குக் கடுமையான அல்லது நடுத்தரமான வெக்கை இருந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களில் 5 வீதமும் இல்லை. தொடங்கும்போதே வெக்கை இருந்தவர்களில் அரைவாசிக்கு மேல் திரும்ப வந்தது. அப்போது இந்த எண்கள் இல்லை. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன்.

அந்த மாதங்களில் கவுண்டரில் நான் கண்ட ஒன்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது. சிலர் இரண்டில் ஒன்றை மட்டும் நிப்பாட்டினார்கள். வெக்கையை அடக்குவது ஈஸ்திரோஜன் என்று தெரியும். ஆகவே குற்றவாளி மற்றது என்று தாங்களே தீர்மானித்து, புரோவெராவைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிரெமரினை வைத்துக்கொண்டார்கள். 1975இல் நடந்த அதே பிழை. மருந்து நிரப்ப வருகிறபோது ஒரு போத்தலை மட்டும் கேட்டால் நான் உடனே பார்மசிஸ்டைக் கூப்பிடுவேன். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. ஈஸ்திரோஜன் மட்டும் கொடுத்த 10,739 பேரின் பரிசோதனை பக்கவாதம் கூடியதால் 2004இல் நின்றது. ஆனால் அதில் மார்புப் புற்றுநோய் கூடவில்லை.

அமெரிக்காவில் வருஷத்துக்கு 9 கோடியாக இருந்த ஓமோன் மருந்துச் சீட்டு 2003இல் 5 கோடி 70 இலட்சமாக இறங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் மனிற்றோபாவில் பல பண்ணைகளுக்கு ஒப்பந்தம் போனது. ஆயிரக்கணக்கான குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. பெண்கள் ஸ்காபரோவில் நிப்பாட்ட, பிரண்டனில் கொட்டில் காலியானது.

நான் 2002 ஒக்டோபரில் டொக்டரிடம் போய்த் திரும்பத் தொடங்கினேன். இந்தத் தடவை பச்சை நிறக் குளிசை, 0.3. புரோவெராவும் கூடவே. இறங்குவதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் மனம் தயாரானது. மாதத்தையும் நான்தான் தெரிந்தெடுத்தேன். ஒக்டோபர் கடைசி. கனடாக் குளிரில் வெக்கை வந்தால் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே நிற்கலாம், அம்மாவுக்குக் கிணறு மாதிரி. முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள். இரண்டு மாதம் பொறுத்து, கிழமைக்கு இரண்டு. வெக்கை கூடினால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவது, அவசரமில்லை. இரண்டாவது குளிசையை எப்படிக் குறைப்பது என்று ஒவ்வொரு படியிலும் டொக்டரிடம் கேட்டேன். 2006 மார்ச்சில் கடைசிக் குளிசை.

பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டி 2015இல் இதைப் பற்றிச் சொன்னதை வாசித்துச் சிரித்தேன். படிப்படியாகக் குறைத்தால் ஆரம்பத்தில் வெக்கை குறைவாக இருக்கலாம், நீண்டகாலத்தில் உடனே நிறுத்துவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்கிறது. அப்படியானால் என் ஐந்து மாதக் கணக்கு எல்லாம் ஆரம்பத்துக்காக மட்டும். இருக்கட்டும். குளிசை எண்ணுகிறவளுக்கு ஆரம்பமும் முக்கியம்தான்.

அறுபத்தைந்தானால் கட்டாயம் நிப்பாட்டவேணும் என்ற வழக்கத்தையும் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2022இல் ஏற்கவில்லை. ஆளுக்கு ஆள் பார்த்து, அவ்வப்போது திரும்பக் கணக்குப் போடு என்கிறது. 2003இல் மருந்து விபரத்தாளில் கட்டம் கட்டி அச்சிட வைத்த எச்சரிக்கையை அகற்றப்போவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில் அறிவித்தது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தது: ஈஸ்திரோஜனைத் தனியே எடுப்பதற்கான கர்ப்பப்பைப் புற்றுநோய் எச்சரிக்கை.

அந்த அறிவிப்பு வந்த இரவு மகள் தொலைபேசி எடுத்தாள். அவளுக்கு ஐம்பத்தியிரண்டு. குளிசை இல்லை, அடிவயிற்றில் ஒட்டுகிற பட்டை. அதன் ஈஸ்திரோஜனுக்குக் குதிரை தேவையில்லை, தாவரத்தில் இருந்து செய்கிறார்கள். இரவில் எடுக்கிற புரோஜெஸ்திரோன் மட்டும் குளிசை.

“அம்மா, நீங்கள் நிப்பாட்டினது எப்படியெண்டு எழுதி வைச்சனீங்களோ?”

எழுதவில்லை. புள்ளி வைத்திருந்தேன். தமிழ்க் கடையில் தந்த முருகன் கலண்டரில், குளிசை எடுத்த நாளுக்கு நீலப் புள்ளி, இரவில் எழும்பிய தடவைக்குச் சிவப்புக் கோடு. அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ஜனவரிப் பக்கத்தில், தைப்பொங்கல் நாளில், சிவப்புக் கோடு ஏழு இருக்கிறது. “அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. அடுப்படியில் நின்றிருப்பேன்.