கடிதப் பெட்டியின் சாவி

சென்ற மார்கழியில் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. இந்தக் காலத்தில் தபால் கார்டு வருவதே ஒரு செய்தி. அதிலும் இது கோபத்தோடு வந்த கார்டு.

"ஐயா, தங்கள் நாவலில் சித்திரை மாதத்தில் குடமுருட்டி ஆற்றில் கதாநாயகியைத் தோணியில் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். சித்திரையில் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடாது. மாடு மேய்க்கிற பிள்ளைகள்தான் ஓடுவார்கள். இதைத் தங்கள் இணையதளத்தில் உள்ள படிவத்தில் மூன்று தடவை எழுதி அனுப்பினேன். மூன்று தடவையும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்று திரையில் தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட, கிடைக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம்."

எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று கடிதங்களில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இணையதளத்தை அமைத்துக் கொடுத்தவன் என் தமக்கை மகன். அவனைக் கூப்பிட்டுக் கார்டைக் காட்டினேன். அரை மணி நேரம் கணினியின் முன்னால் உட்கார்ந்து எதை எதையோ தட்டிப் பார்த்தான். பிறகு, "படிவம் சரியாகத்தான் வேலை செய்கிறது, மாமா. கடிதந்தான் வந்து சேரவில்லை" என்றான்.

"எவ்வளவு நாளாக?"

"வைத்த நாள் முதலாக" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

அதாவது எட்டு மாதமாக. வாசகர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது என்று வாசகர்கள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெட்டி நின்றுகொண்டு இரு தரப்பாரையும் ஏமாற்றியிருக்கிறது. அந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தை விசாரிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முன்பின் தெரியாதவர்கள் எழுதிப் போடுவதற்கென்று வாசலில் பெட்டி வைப்பது புதிய யோசனை அல்ல. 1721-ஆம் வருஷத்தில் ஜப்பானை ஆண்ட டோக்குகாவா யோஷிமுனே என்ற ஷோகன், எடோ நகரத்து நியாய சபையின் வாசலில் ஒரு பெட்டி வைத்தார். அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. சாதாரண ஜனங்களும் தங்கள் குறையையோ யோசனையையோ எழுதிப் போடலாம். மாதத்தில் மூன்று நாள் பெட்டி வெளியே வரும். ஆனால் பூட்டித்தான் இருக்கும். சாவி ஷோகனிடம். மனு போடுகிறவர் பெயரும் விலாசமும் எழுதியாக வேண்டும். மொட்டைக் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஓகாவா ஷோசென் என்ற வைத்தியர், ஏழை நோயாளிகளுக்கு ஒரு தர்ம ஆஸ்பத்திரி வேண்டும் என்று எழுதிப் போட்டார். 1722-இல் கோயிஷிகாவா என்ற இடத்தில் ஆஸ்பத்திரி ஏற்பட்டுவிட்டது. போட்ட கடிதம் படிக்கப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன ரசீது வேண்டும்?

இந்தப் பெட்டியைப் பற்றி யோசிக்க யோசிக்க ஒன்று விளங்கிற்று. பெட்டி வைக்கிறவன் மூன்று விஷயங்களில் கண்ணாக இருக்க வேண்டும். கடிதம் யார் கைக்குப் போகும் என்பதை அவனே நிச்சயம் செய்ய வேண்டும். எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும். போட்ட கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு மரப் பெட்டிக்குத் தெரிந்திருந்த இந்த மூன்றையும் இணையப் பெட்டி ஒவ்வொன்றாக மறந்து, ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989-இல் திட்டமிட்டு, 1991-இல் வெளியுலகுக்குத் திறந்துவிட்டதுதான் வலை. பெரும்பாலோருக்கு அது ஆரம்பத்தில் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. படிக்கலாம், பதில் பேச முடியாது. பக்கத்திலேயே எழுதுவதற்குக் கட்டம் போட்டுக் கொடுக்கும் வசதி 1993 வாக்கில் வந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கணினி நிலையத்தில் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஹோட்டலில் சர்வர் நம்மிடம் கேட்டுக்கொண்டு போய் அடுக்களையில் சொல்கிறாரே, அதுபோல, கட்டத்தில் எழுதியதை வாங்கி உள்ளே இருக்கும் ஒரு நிரலிடம் கொடுப்பது அதன் வேலை. நிரல் அதைக் கடிதமாக மடித்து மின்னஞ்சலில் சேர்த்துவிடும். நோட்டீஸ் ஒட்டிய சுவரில் ஒரு கடிதப் பெட்டி முளைத்துவிட்டது.

என் மின்னஞ்சல் விலாசத்தைப் பக்கத்தில் அப்படியே அச்சடித்துவிட்டால் போதாதா, பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். "பக்கம் பக்கமாகப் போய் விலாசம் பொறுக்குவதற்கென்றே நிரல்கள் அலைகின்றன, மாமா. ஒரு தடவை அகப்பட்டால் ஆயுள் முழுவதும் லாட்டரிப் பரிசும் வழுக்கைத் தைலமும் வந்துகொண்டே இருக்கும்" என்றான் மருமகன்.

1995 ஜூன் மாதத்தில் மாட் ரைட் என்ற அமெரிக்கப் பையன், அப்போது பள்ளிக்கூட மாணவன், 'ஃபார்ம்மெயில்' என்று ஒரு நிரலை எழுதி இலவசமாக எல்லாருக்கும் கொடுத்தான். பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல் அது. கணினி சாஸ்திரம் தெரியாதவர்கூட எடுத்துத் தம் தளத்தில் வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் வைத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்ற விலாசம் நிரலுக்குள் இல்லை. படிவத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கெட்டிக்காரன் கைக்கு எட்டும். அவன் அந்த விலாசத்தை மாற்றி வேறு யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம். நம் வீட்டு வாசல் பெட்டியில் ஒருவன் ஊருக்கெல்லாம் விளம்பரக் கடிதம் போடுகிறான். நம் வீட்டு வேலைக்காரனே நம் முத்திரையைக் குத்தி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நடந்தது. குப்பை அஞ்சல்காரர்கள் இந்தப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் அனுப்பியதற்குத் தளத்துக்காரர் வசவு வாங்கினார். 2002 ஏப்ரலில் வந்த 1.92-ஆம் பதிப்பில், எந்த எந்த விலாசத்துக்குக் கடிதம் போகலாம் என்று தளத்துக்காரரே நிரலுக்குள் எழுதிவைக்க ஏற்பாடு இருந்தது. லண்டனைச் சேர்ந்த பெர்ல் நிபுணர்கள் பத்திரமான மாற்று நிரல் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். சாவி ஷோகனிடமே திரும்பி வந்தது.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவைத் தாழிடாத கிராமத்தில் வளர்ந்தவன் பூட்டைப் பற்றி யோசிப்பானா? அந்த நாளைய இணையம் அப்படிப்பட்ட கிராமம்.

அடுத்தது எழுதியவர் யார் என்ற கேள்வி. எழுதியது மனிதர்தானா என்பதே சந்தேகமாயிற்று. ஆல்டாவிஸ்டா என்ற தேடுதளம், தன் படிவத்தில் இயந்திரங்கள் வந்து விலாசங்களைக் கொட்டுவதைத் தடுக்க, 1997-இல் கோணல்மாணலான எழுத்துக்களைக் காட்டிப் படிக்கச் சொல்லிற்று. கார்னெகி மெலன் சர்வகலாசாலைக்காரர்கள் இந்தப் பரீட்சைக்குக் 'காப்ட்சா' என்று பெயர் வைத்தார்கள். 2007-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் இயந்திரத்தால் வாசிக்க முடியாத சொற்களையே பரீட்சையாகக் கொடுத்தார்கள். கதவைத் தட்டியவர்களெல்லாம் தங்களை அறியாமலே பழைய புத்தகத்தைப் படித்துக் கொடுத்துவிட்டார்கள்!

என் வீட்டு வியாதி வேறு. மின்னஞ்சல் எப்படிப் போக வேண்டும் என்று ஜான் போஸ்டல் என்ற அறிஞர் 1982-இல் விதி வகுத்தார். அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அந்த விதிப்படி கடிதம் போகும். ஆகவே பழைய படிவ நிரல்கள், கட்டத்தில் வாசகர் எழுதிய விலாசத்தையே அனுப்புநராகப் போட்டு அனுப்பின. மரியாதையாகவும் இருந்தது, பதில் எழுதவும் சௌகரியம். பின்னால் மோசடி பெருகிற்று. 2006-இல் எஸ்.பி.எஃப். என்றும், 2007-இல் டி.கே.ஐ.எம். என்றும், பிறகு டிமார்க் என்றும் காவல்கள் வந்தன. 'இந்தக் கம்பெனியின் பெயரால் கடிதம் கொண்டுவருகிறாயே, உன்னை அவர்கள்தான் அனுப்பினார்களா?' என்று கேட்பதுதான் இவற்றின் சாரம். 2014 ஏப்ரலில் யாகூ கம்பெனி, தன் பெயரைப் போட்டு வேறு இடத்திலிருந்து வரும் கடிதங்களை ஏற்க வேண்டாம் என்று உலகத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டது.

என் மருமகன் எங்கேயோ கிடந்த பழைய நிரலை எடுத்து வைத்திருந்தான். ஆசிரியையின் கடிதம் என் தளத்திலிருந்து புறப்பட்டு, அவருடைய மின்னஞ்சல் கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போயிற்று. காவற்காரன் அதைப் போலிக் கடிதம் என்று எடுத்தெறிந்துவிட்டான். பையன் பரீட்சை பார்த்த அன்று என் தளத்தின் விலாசத்தையே கொடுத்துப் பார்த்திருக்கிறான். அது மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது.

அப்படியானால் 'கிடைத்தது, நன்றி' என்று சொன்னது யார்? அதையும் கேட்டேன். பி.எச்.பி. மொழியில் கடிதம் அனுப்பும் கட்டளை, காரியம் முடிந்தால் 'ஆம்' என்று சொல்லும். ஆனால் அந்த 'ஆம்', கடிதம் சேர்ந்தது என்பதல்ல. வாசலில் இருக்கும் அஞ்சல் நிரல் கையில் வாங்கிக்கொண்டது என்பதுதான். வாங்கியதைச் சேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறது என் பெட்டி. கதை எழுதுவது நான் மட்டும் அல்ல என்று தெரிந்துகொண்டேன்.

திருத்துவதற்கு ஒன்றரை மணி நேரந்தான் ஆயிற்று. பெறுநர் விலாசம் நிரலுக்குள் போய்விட்டது. அனுப்புநர் என் தளத்தின் விலாசமே. வாசகரின் விலாசம் 'பதில் அனுப்ப வேண்டிய இடம்' என்ற வரியில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் யாராவது அடுத்த வரிக்குத் தாண்டி இன்னும் பத்துப் பேர் விலாசத்தை நுழைக்கப் பார்த்தால் நிரல் மறுத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு கடிதமும் அஞ்சலில் போகுமுன் ஒரு பிரதி தளத்திலேயே பதிவாகிறது. மாதம் பிறந்தால் வெளி விலாசம் ஒன்றைக் கொடுத்து நானே எனக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கிறேன். 'நன்றி' என்ற வாசகத்தையும் மாற்றச் சொன்னேன். இப்போது அது, 'பத்து நாளில் பதில் வராவிட்டால் தயவுசெய்து கார்டு போடவும்' என்று விலாசத்தோடு சொல்கிறது.

ஆசிரியைக்கு நீண்ட கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பதிப்பில் கதாநாயகி ஆடி மாதத்தில் தோணி ஏறுவாள் என்றும் வாக்களித்தேன். நாலாம் நாள் பதில் வந்தது: "ஆடிப் புதுவெள்ளத்தில் எந்த ஓடக்காரன் பெண்பிள்ளையை ஏற்றுவான்? புரட்டாசி என்று போடுங்கள்." போட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொண்டு ஒரு கார்டு எழுதினார். அதனால் எனக்கு விஷயம் தெரிந்தது. கோபித்துக்கொள்ளாமல் மனம் நொந்து பேசாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ? அந்த எட்டு மாதத்துக் கடிதங்களுக்குப் பிரதி கிடையாது. யார் எழுதினார்கள் என்ற கணக்கும் கிடையாது. அவர்களில் ஒருவராவது இதைப் படிக்கக்கூடும். அவருக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான்: தங்கள் கடிதம் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதுங்கள்.