சன் எழுதிய வரியும் கிராக்ஃபோர்டு எழுதிய வரியும்

கட்டற்ற மென்பொருளுக்குள் பிறர் நிரலைச் சேர்த்தால் அதன் உரிமமும் கூடவே குடிவந்துவிடும். குனூ சி நூலகத்துக்குள் வந்த சன் ஆர்பிசியும், பிஎச்பி மொழிக்குள் வந்த, ஜேசன் தரவைப் படிக்கும் அலசியும் அப்படித்தான் வந்தன. இரண்டிலும் வில்லங்கம் ஒரே ஒரு வாக்கியம்.

சன் ஆர்பிசி, வேறொரு கணினியில் உள்ள செயல்முறையை அழைக்க சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் வெளியிட்ட நிரல். எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம். ஆனால் பயனர் தாம் உருவாக்கிய பொருளின் பகுதியாக மட்டுமே பிறருக்குக் கொடுக்கலாம் என்றது உரிமம். எவ்வளவு வேலை செய்தால் 'உருவாக்கியது' ஆகும்? நூலகத்தை அப்படியே தொகுத்து விநியோகிக்கும் லினக்ஸ் வழங்கலான டெபியன் எதை உருவாக்கியது? அந்தக் கோப்புகளை மட்டும் பிரித்து இன்னொருவருக்குத் தரலாமா? சன்னுக்குப் பூட்டிவைக்கும் எண்ணம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அதன் கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ் இந்த நிரலின் மேல்தான் நிற்கிறது. பரவினால் சன்னுக்கே லாபம்.

பிஎச்பியின் ஜேசன் அலசியோடு வந்த உரிமத்தில், ஜேசன் வடிவத்தை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய வரி வேறு ரகம். எம்ஐடி உரிமத்தை எடுத்து, மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று 2002இல் ஒரு வரி சேர்த்தார். பாதி விளையாட்டு, பாதி வினை. ஐபிஎம் தரப்பு தயங்கிக் கேட்டபோது, அந்த நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் தீமை செய்ய அனுமதி எழுதிக்கொடுத்ததாக அவரே மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். உரிமம் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எது தீமை என்று யார் தீர்ப்பது என்பது ஒரு பக்கம். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்ற அடிப்படைச் சுதந்திரமே அடிபடுகிறது என்பது இன்னொரு பக்கம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை.

சன் வரியில் தெளிவில்லாதது எதைப் பகிரலாம் என்பது; கிராக்ஃபோர்டு வரியில், எதற்குப் பயன்படுத்தலாம் என்பது. ஆனால் இவற்றின் கதி பிரிந்தது இந்தச் சட்ட வேறுபாட்டால் அல்ல என்பது என் கணிப்பு. சன் ஆர்பிசி பற்றிய புகார் டெபியனில் 2003இலேயே பதிவானது. அதற்குப் பிறகும் சார்ஜ், எட்ச், லென்னி என வெளியீடுகள் அந்த நிரலோடுதான் போயின. சி நூலகம் இல்லாமல் அமைப்பே எழாது. யார் அதைக் கழற்றுவது? சன்னோடு பேச்சு நீண்டது. நிறுவனமே கைமாறி, 2010 ஆகஸ்டில் ஆரக்கிள்தான் அந்தக் கோப்புகளை மூன்று நிபந்தனை பிஎஸ்டி உரிமத்துக்கு மாற்ற ஒப்புதல் தந்தது.

பிஎச்பியின் ஜேசன் அலசிக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. 2012இல் புகார், அடுத்த ஆண்டே ஃபெடோராவும் டெபியனும் ரெமி கொலே எழுதிய மாற்று நீட்சிக்குத் தாவின. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, யாகுப் செலெங்காவின் புதிய அலசியோடு வந்தது. சில ஆயிரம் வரி நிரலைத் திரும்ப எழுதுவது பெரிய காரியமில்லை. கொள்கை கறாராக இருந்தது, கறாராக இருப்பது மலிவாக இருந்த இடத்தில். இதைக் கபடம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உரிம விவாதங்களில் இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்பாச்சி அறக்கட்டளையும் 2016 நவம்பரில் கிராக்ஃபோர்டின் உரிமத்தை விலக்கிவைத்தது. ஏற்கெனவே பயன்படுத்திய திட்டங்களுக்கு 2017 ஏப்ரல் இறுதிவரை தவணை. அவருடைய ஜாவா ஜேசன் நூலகம் 2022இல் அந்த வரியை உதிர்த்துப் பொதுக் களத்துக்கு வந்தது. அதற்குள் பலர் வேறு நூலகங்களுக்குப் போய்விட்டார்கள்.