பிரியஸ் மோட்டாரின் நான்கு தலைமுறை

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸ் கலப்பினக் காரின் மோட்டார் 30 கிலோவாட். இரண்டு ஆண்டு கழித்து வந்த ஹோண்டா இன்சைட்டின் மோட்டாரோ 10 கிலோவாட்தான், தடிமன் 60 மில்லிமீட்டர். பாலிடெக்னிக்கில் மின் எந்திரங்கள் பாடம் எடுத்த காலத்தில் இந்த இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எது சரியான அளவு என்று கேட்பேன். பையன்கள் கிலோவாட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

மோட்டாரின் பருமன் கிலோவாட்டில் இல்லை, முறுக்குவிசையில் இருக்கிறது. முறுக்குவிசை கூடவேண்டுமானால் கரண்டும் கூடவேண்டும், சுருள் சூடாகும், செம்பையும் இரும்பையும் கூட்டியே தீரவேண்டும். ஆனால் அதே செம்பையும் இரும்பையும் வேகமாகச் சுற்றவிட்டால் கூடுதல் கிலோவாட் தானாகக் கிடைக்கும்.

இன்சைட்டில் மோட்டார் எஞ்சின் தண்டிலேயே இருந்தது. அதன் விசையைக் கியர்பாக்ஸ் பெருக்கிக் கொடுத்தது. 995 சிசி எஞ்சினுக்குக் கைகொடுப்பது மட்டுமே அதன் வேலை என்பதால் 10 கிலோவாட் போதும். டொயோட்டாவில் பிரியஸை உருவாக்கிய டகேஷி உச்சியமாடாவின் குழு அதில் கியர்பாக்ஸையே எடுத்துவிட்டது. கோள் கியர் ஒன்று எஞ்சின் விசையில் 72 சதவீதத்தைச் சக்கரப் பக்கமும் மீதியை ஜெனரேட்டருக்கும் பிரித்தது. மோட்டார் சக்கரப் பக்கத்துத் தண்டில் நேராக உட்கார்ந்தது. மேட்டில் வண்டியைக் கிளப்ப அதன் விசை வேண்டும். ரிவர்ஸ் போவதோ முழுக்க அதன் பொறுப்பு. அதனால்தான் 30 கிலோவாட் மோட்டாருக்கு 305 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2000-இல் அது 350 ஆனது, 2003-இல் 400 ஆனது. 2003-இல் பேட்டரி 201.6 வோல்ட்டாகக் குறைந்தும், அதை 500 வோல்ட்வரை ஏற்றிக் கொடுத்ததால் மோட்டார் 50 கிலோவாட்டைத் தொட்டது.

கியர் இல்லாத மோட்டார் கனக்கும் என்பது நூறாண்டுப் பழைய பாடம். 1900 வாக்கில் வியன்னாவில் லோனர் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே செய்த செம்பர் விவஸ் கலப்பின வண்டியில் மோட்டார்கள் முன்சக்கரக் குடத்துக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று குதிரைத்திறன்கூட இல்லை. ஆனாலும் சக்கரம் சுற்றுகிற மெதுவான வேகத்திலேயே சுற்றவேண்டியிருந்ததால் மிகக் கனமாக இருந்தன.

2009 பிரியஸை நான் பெரிய திருப்பமாகவே மதிக்கிறேன். மோட்டாருக்கென்று தனியாக ஒரு கோள் கியர் வைத்து வேகத்தை 2.636 மடங்கு குறைத்தார்கள். மோட்டாரின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்றிலிருந்து 13,500 ஆனது. முறுக்குவிசை பாதியளவாக, 207-க்கு இறங்கியது. கிலோவாட்டோ 60-க்கு ஏறியது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் பிரித்து நிறுத்தபோது முந்தைய மோட்டார் சுமார் 45 கிலோ, இது சுமார் 37 கிலோ.

2015-இல் வந்த மோட்டார் 53 கிலோவாட், 163 நியூட்டன் மீட்டர். கியர் வழியாகத் தண்டுக்கு வந்துசேரும் விசை அப்போதும் 500-க்கு மேல். எனக்கு அதில் மிகவும் பிடித்தது சுருள்தான். உருண்டைக் கம்பிக்குப் பதில் பட்டையான செம்பு. உருண்டைக் கம்பிகளுக்கு நடுவே வெறும் இடைவெளியாகக் கிடந்த இடமெல்லாம் அதில் கரண்ட் ஓடும் செம்பாக நிறைந்துவிட்டது.