சி-வீதம்

பேட்டரிக்குள் செல்லும் அல்லது அதிலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தை அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு, சி-வீதம். முழுக் கொள்ளளவையும் ஒரு மணி நேரத்தில் நிரப்பவல்ல மின்னோட்டம் 1சி. 5000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கைபேசி பேட்டரிக்கு அது 5 ஆம்பியர். 15 ஆம்பியர் அதே பேட்டரிக்கு 3சி. 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ 0.1சிதான். ஆகவே சார்ஜரில் அச்சிட்ட ஆம்பியரையோ வாட்டையோ மட்டும் வைத்து, பேட்டரி படும் பாட்டை அறிய முடியாது.

1சியில் ஏற்றினாலும் லித்தியம்-அயனி பேட்டரி சரியாக ஒரு மணி நேரத்தில் நிரம்புவதில்லை. முதற்கட்டத்தில் மின்னோட்டம் மாறாமல் இருக்க, மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பரவலான வகைகளில் அது கலத்துக்கு 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் மின்னழுத்தத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளும். மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். கடைசிப் பகுதி நிரம்ப நெடுநேரம் ஆவது இதனால்தான். அதைப் பழுதென்று எண்ண வேண்டியதில்லை. விளம்பரங்களில் வரும் வாட் எண் பெரும்பாலும் உச்ச அளவு. சார்ஜ் ஏறும் நேரத்தில் சிறு பகுதிக்கே அது பொருந்தும்.

வேகத்துக்கு எல்லை வகுப்பது வேதியியல். லித்தியம் அயனிகள் கிராஃபைட் மின்முனையின் அடுக்குகளுக்குள் புகுந்து அமரவேண்டும். புகும் வேகத்தை மிஞ்சி அவை வந்து குவிந்தால், மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படியும். அதில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது, கொள்ளளவு குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து பிரிப்புச் சவ்வைத் துளைத்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும். குளிரில் அயனிகள் மந்தமாவதால் ஆபத்து கூடும். எனவே சாதாரண லித்தியம்-அயனி கலங்களை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக வரையறுக்கின்றனர். மிகுந்த வெப்பம் வேறு வழியில் கெடுக்கிறது: மின்பகுபொருள் சிதைந்து பேட்டரி விரைவில் மூப்படையும்.

ஈய-அமில பேட்டரிகளில் காணும் ‘சி20’ வேறு குறியீடு. 150 ஆம்பியர்-மணி, சி20 என்றால், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்துச் சோதித்த கொள்ளளவு அது என்று பொருள். வேகமாக எடுத்தால் அத்தனை கிடைக்காது. இந்த உறவை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட் 1897இல் சூத்திரமாக்கினார். சூரிய மின்சார அமைப்புகளுக்கான பேட்டரிகளில் சி10 குறியீடு பரவலாக உண்டு. எனவே சி10, சி20 பேட்டரிகளின் ஆம்பியர்-மணி எண்களை நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. டிரோன்களின் லித்தியம்-பாலிமர் பேட்டரியில் ‘20சி’ என்று எண் முன்னால் வந்தால், அது கொள்ளளவைப்போல் 20 மடங்கு மின்னோட்டம்; அதுவும் வெளியே எடுப்பதற்கான எல்லை. அந்த எண்ணை நம்பிச் சார்ஜ் செய்வது தீ விபத்தில் முடியக்கூடும். ஏற்றும் வீதம் தனியாகக் குறிக்கப்படாவிட்டால் 1சியைத் தாண்டாமல் ஏற்றுவதே வழக்கம்.