முன்சிலுவை இணைநார்க் கிழிவுக்கான சிகிச்சை

முன்சிலுவை இணைநார்க் கிழிவு என்பது முழங்கால் மூட்டினுள் தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைக்கும் நார் பகுதியாகவோ முழுமையாகவோ அறுவதால் ஏற்படும் காயம் ஆகும். மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் இதனை ஏ.சி.எல். கிழிவு என்று அழைப்பர். இதற்கு அறுவைச் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி என இரண்டு வழிகள் உள்ளன. நார் அறுந்துவிட்டால் அறுவை செய்தே தீரவேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 2010 முதல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வுகளோ, கிழிவு உண்டா என்பதைவிட முழங்கால் நிலையாக நிற்கிறதா என்பதே முதன்மையான கேள்வி எனக் காட்டுகின்றன.

அமைப்பும் பணியும்

முழங்காலில் நான்கு முக்கிய இணைநார்கள் உள்ளன. இரண்டு மூட்டின் இரு பக்கங்களிலும், மற்ற இரண்டு மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டும் அமைந்துள்ளன. குறுக்கிடும் இரண்டில் முன்புறம் இருப்பது முன்சிலுவை இணைநார். இது கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் தடுக்கிறது. நேராக நடப்பதற்கு இந்நாரின் தேவை குறைவு. ஓடும்போது சட்டெனத் திரும்புதல், குதித்து ஒற்றைக் காலில் இறங்குதல் போன்ற அசைவுகளுக்கு இது மிகவும் தேவைப்படுகிறது.

காரணங்களும் அறிகுறிகளும்

கால்பந்து, கூடைப்பந்து, கபடி, பனிச்சறுக்கு ஆகிய விளையாட்டுகளில் இக்காயம் மிகுதி. பெரும்பாலும் பிறர் மோதாமலே, பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது நார் அறுகிறது. ஒரே விளையாட்டில் ஈடுபடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக ஏற்படுகிறது. காயம் படும்போது "டக்" என்ற ஒலி கேட்கலாம். மூட்டினுள் குருதி கசிவதால் சில மணி நேரத்தில் வீக்கம் தோன்றும். பின்னர் கால் திடீரெனப் பிடிப்பிழந்து மடங்குவதுண்டு. லாக்மன் சோதனை எனப்படும் கைச்சோதனையாலும் எம்.ஆர்.ஐ. படத்தாலும் கிழிவு உறுதி செய்யப்படுகிறது.

அறுவையில்லாச் சிகிச்சை

முதலில் வீக்கத்தைத் தணித்து, முழங்காலை முழுமையாக நீட்டவும் மடக்கவும் பயிற்சி அளிக்கப்படும். பின்னர் தொடையின் முன், பின் தசைகள் வலுவூட்டப்படும். சமநிலைப் பயிற்சியும், குதித்து இறங்கும் பயிற்சியும் அடுத்து வரும். நார் செய்த வேலையின் ஒரு பகுதியைத் தசைகள் ஏற்கச் செய்வதே இதன் நோக்கம். இதற்குப் பல மாதங்கள் இடைவிடாத பயிற்சி தேவை. எனவே வெறுமனே ஓய்வெடுப்பது அறுவையில்லாச் சிகிச்சை ஆகாது.

அறுவைச் சிகிச்சை

1895 இல் இங்கிலாந்தின் லீட்சு நகரில் மேயோ ராப்சன் என்பவர் அறுந்த சிலுவை நார்களைத் தைத்து இணைத்தார். 1917 இல் ஹே குரோவ்சு வேறு திசுவைக் கொண்டு புதிய நாரை அமைக்கும் முறையை வெளியிட்டார். இன்று மூட்டு உள்நோக்கி வழியாக, நோயாளியின் தொடைப் பின்தசை நாணையோ முழங்கால் சில்லு நாணின் ஒரு பகுதியையோ எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவதே பெருவழக்கு. தொற்று, மூட்டு இறுக்கம், ஒட்டு மீண்டும் கிழிதல், நாண் எடுத்த இடத்தில் வலி ஆகியவை இதன் இடர்கள். அறுவைக்குப் பின்னரும் அதே நீண்ட பயிற்சி தேவைப்படும்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

சுவீடனில் அண்மையில் காயமுற்ற, 18 முதல் 35 வயதுடைய 121 பேரிடம் நடந்த ஆய்வு 2010 இல் வெளியானது. உடனடி அறுவை பெற்றோருக்கும், முதலில் பயிற்சி பெற்றுத் தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்துகொண்டோருக்கும் இடையே இரண்டு ஆண்டுகளின் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சிப் பிரிவின் 59 பேரில் ஐந்து ஆண்டுகளுக்குள் 30 பேர் அறுவையை நாடினர். ஏனையோருக்கு அது தேவைப்படவில்லை.

நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில் உடனடி அறுவை சற்று மேலான மதிப்பெண்ணைத் தந்தது. ஆனால் அவ்வேறுபாடு நோயாளி உணரும் அளவினதா என்பது ஐயத்துக்குரியது. அங்கும் பயிற்சிப் பிரிவில் பாதிப் பேர் பின்னர் அறுவை செய்துகொண்டனர்.

2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு வேறு வகையினரை ஆராய்ந்தது. காயம் பட்டுக் காலம் கடந்தும் முழங்கால் நிலைகொள்ளாத 316 பேர் இதில் பங்கேற்றனர். 18 மாதங்களின் முடிவில், 100க்கு அறுவைப் பிரிவு 73.0 மதிப்பெண்ணும் பயிற்சிப் பிரிவு 64.6 மதிப்பெண்ணும் பெற்றன.

அறுந்த இந்நார் தானே கூடாது என்ற கருத்தும் கேள்விக்குள்ளாகியுள்ளது. சுவீடன் ஆய்வின் படங்களை மீண்டும் ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சி மட்டும் பெற்ற 30 பேரில் 16 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் நார் கூடியதற்கான அடையாளம் தென்பட்டது.

சிகிச்சையைத் தெரிவு செய்தல்

கிழிவு புதியதாகவும் பிற காயங்கள் இன்றியும் இருந்தால் முதலில் பயிற்சியை மேற்கொண்டு பார்ப்பது ஏற்கத்தக்க வழியாகும். திசை மாற்றி ஓடும் விளையாட்டுக்குத் திரும்ப விரும்புவோர், மற்ற நார்களும் கிழிந்தோர், தைக்கவேண்டிய பிறைக் குருத்தெலும்புக் கிழிவு உள்ளோர், பயிற்சிக்குப் பின்னரும் கால் மடங்குவோர் ஆகியோருக்கு அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. மடங்கும் முழங்காலை அப்படியே விட்டால் பிறைக் குருத்தெலும்பு மேலும் சிதையக்கூடும்.

எதிர்காலத்தில் வரக்கூடிய மூட்டுத் தேய்வை அறுவை தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை. இரு வழிகளிலும் தேய்வு ஏற்படலாம். அறுவை செய்துகொண்டோர் 9 மாதங்களுக்கு முன் களத்துக்குத் திரும்பினால் மறுகாயத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. நாள்கணக்குடன் தொடைத் தசையின் வலுவையும் அளந்த பின்னரே விளையாட அனுமதிப்பது வழக்கம்.