விரல் அறிந்ததும் மனம் அறிந்ததும்

ஒன்றைச் சரியாகப் பிரித்தறியும் திறமைக்கும், அதை உணர்ந்தோம் என்று உள்ளத்தில் எழும் அனுபவத்துக்கும் உள்ள உறவை அளந்து பார்க்க வேண்டுமென்ற எண்ணம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் சார்லஸ் பியர்ஸ் என்னும் தர்க்க சாஸ்திரியும் அவருடைய மாணவர் ஜோசப் ஜாஸ்ட்ரோவும் நடத்தி, 1884-ல் சமர்ப்பித்த பரிசோதனையில் தெளிவான உருவம் பெற்றது. லைப்சிக் நகரத்து விஞ்ஞானி பெக்னர் புலனுணர்வை அளப்பது பற்றி 1860-ல் எழுதிய நூலுக்குப் பின், இரண்டு எடைகளின் வித்தியாசம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் அது புலனுக்கு எட்டாது என்ற கொள்கை வேரூன்றியிருந்தது. அந்த எல்லை உண்மையில் உண்டா என்பதே பியர்ஸின் ஐயம்.

ஒருவர் விரலில் அழுத்தத்தை ஏற்க, மற்றவர் அதை மிகச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ வருவார். எந்த முறை எது என்பதைக் கலைத்த சீட்டுக்கட்டின் நிறமே நிர்ணயித்தது. மனிதனுடைய பழக்கமும் ஊகமும் புகாதபடி தற்செயலையே நடுவராக அமர்த்திய இந்த ஏற்பாடு அக்காலத்தில் பெரும் புதுமை. அழுத்தம் கூடியதா, குறைந்ததா என்று விடை சொன்னவர் அவ்வளவோடு நில்லாமல், அந்த விடையில் தமக்குள்ள நிச்சயத்துக்கும் எண் இட வேண்டும்: எப்பக்கமும் சாய்வில்லையெனில் 0, உறுதியான நம்பிக்கையெனில் 3. 0 இட்ட விடைகளில்தான் இந்தப் பரிசோதனையின் உயிர் இருக்கிறது. வெறும் ஊகமே ஆனால் பாதிதான் சரியாக வேண்டும். ஆனால் அவை பாதியைவிடத் தெளிவாக அதிகமாகவே சரியாயின. தாம் உணரவில்லை என்று மனமார நினைத்த அழுத்தத்தை அவ்விருவருமே உணர்ந்திருந்தார்கள்!

இதன்மீது எழுந்த ஆட்சேபத்தையும் சொல்லத்தான் வேண்டும். எச்சரிக்கை மிகுந்தவர், மங்கலாக ஏதோ தோன்றினாலும் ‘தெரியவில்லை’ என்றே சொல்லிவிடலாம். அப்போது 0 என்பது அனுபவத்தின் இன்மையைக் காட்டாது, சொல்லத் தயங்கும் சுபாவத்தையே காட்டும். இந்தக் கேள்வி நியாயமானது; இன்றளவும் அது முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எனினும் 1970-களில், மூளையின் பின்பகுதியில் சிகிச்சை நடந்து இடப்புறப் பார்வையை இழந்த ஒருவர், எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, அங்கே தோன்றிய ஒளிப்புள்ளி இருந்த திசையை நோக்கி ஏறக்குறைய சரியாகக் கை நீட்டியதை உளவியலாளர் வைஸ்கிரான்ட்ஸும் அவருடைய சகாக்களும் லண்டனில் கண்டபோது, பழைய 0 புதிய கனம் பெற்றது. அதன்பின் வைஸ்கிரான்ட்ஸ், விடைக்கு இரண்டு விசைகளும், ‘உணர்ந்தேன்’, ‘உணரவில்லை’ என்று தெரிவிக்க வேறு இரண்டு விசைகளும் வைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்தார்.