சூட்டிறைச்சியும் புளிக்குழம்பும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், செய்யூர் வட்டத்தில் இடைக்கழிநாடு இருக்கிறது. ஒரு புறம் கடல், மறு புறம் உப்பங்கழி; பெயரே நிலத்தைச் சொல்லிவிடும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்நாட்டு நல்லூரினர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழி சொல்லுவதாக அமைந்தது அப்பாட்டு. மன்னன் புகழ் பாட எழுந்த 269 அடிகளில், எனக்குப் பெரிதும் சுவை தருவது வழியோர வீடுகளின் சமையலே.

எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். (இப்பட்டினத்தை மரக்காணம் என்பர் ஆய்வாளர் பலர்.) வேலூரிலோ, எயிற்றியர் சமைத்த புளியஞ்சோற்றோடு ஆமானின் சூட்டிறைச்சி கிடைக்கும். தீயில் வாட்டிய ஊனுக்குச் 'சூடு' என்பது அக்காலப் பெயர். நிணம் மிக்க ஊனுக்குப் புளிப்பைத் துணையாக்கிய அறிவு அந்த வேட்டுவப் பெண்களுடையது. மருத நிலத்து ஆமூரில் விருந்து வேறு வகை. உலக்கையின் பூண் தேயுமாறு குற்றிய அரிசிச் சோறு, நண்டுக் கலவையோடு வரும். அவ்வீட்டு உழவரின் தங்கை தானே வந்து அழைப்பதோடு நிற்பதில்லை. தன் பிள்ளைகளையும் கொண்டு பாணரைத் தடுத்து நிறுத்துகிறாள் என்று உரைகாரர் பொருள் கூறுவர். வழிப்போக்கனை உண்ண அழைக்கும் பழக்கத்தைக் குழந்தைகள் கற்ற பள்ளி அதுவே.

இவற்றில் எங்கும் மிளகாய் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனையில் மாதுளங்காயை வெண்ணெயில் வேவிக்கும்போது தூவப்படுவது மிளகுப்பொடி. அன்று 'கறி' என்றாலே மிளகு. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரே மிளகாயும் தக்காளியும் உலகறிந்தன. போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டிற்கு வந்தனர். அடுத்த நூற்றாண்டில் மயிலாப்பூரில் சாந்தோம் குடியேற்றத்தை அமைத்தனர். மிளகாய் இந்நாடு புகுந்தது அவர்கள் வழியே. மிளகைப்போல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று நம்மவர் பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர்.

மேலைநாட்டார் 'பார்பிக்யூ' என்பதும் அத்தீவுகளின் பழங்குடியினர் சொல்லே; மரச்சட்டத்தின்மேல் ஊனை வாட்டும் முறையை அது குறித்தது. அமெரிக்க இல்லங்களில் வாட்டிய இறைச்சிக்குப் பூசும் தக்காளிக் காடிக்குழம்பும், நம் மீன்குழம்பின் சிவப்பும் ஒரே கண்டத்திற்குக் கடன்பட்டவை. ஆகவே 'தொன்றுதொட்டு மாறாத நம் சமையல்' என்று மேடையில் பேசுவோர் கூற்றை நான் ஏற்பதில்லை. சட்டியில் ஏறிய பொருள் காலந்தோறும் மாறியிருக்கிறது. மாறாது நின்றவை புளியும், தன் வீட்டுக் கைப்பக்குவம் என்ற உரிமையுமே. புளியையும் அராபியர் 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்தனர். 'டாமரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அதன் திரிபு.

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் குப்பங்களில் மீன்குழம்பு வீட்டுக்கு வீடு வேறுபடும். மாங்காய்க் காலத்தில் புளி குறையும். முதல் நாள் குழம்பு மறுநாள் காலையில் பழையசோற்றுக்கு வரும். மிளகாய் எத்தனை, மல்லி எத்தனை என்று எவரும் எழுதி வைப்பதில்லை. மாமியார் அள்ளும் அளவைக் கண்டே மருமகள் அள்ளுகிறாள். சிறிது தவறினாலும், முதற் கவளத்திலேயே வீட்டார் சொல்லிவிடுவார்கள்.